அக்கா உட்காரட்டும்

கோல சிலாங்கூரில், மாதத்துக்கு ஒரு நாள் தொழிலாளர் இலாகா அதிகாரி வந்து உட்காரும் அந்தச் சின்ன அறையில், மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்று கை வைத்த மர நாற்காலி. பிரம்பு பின்னிய இருக்கை நடுவில் தொய்ந்து போயிருந்தது. மற்றது இரும்பு நாற்காலி. ஒரு காலில் ரப்பர் கழன்றுவிட்டதால் தொட்டாலே டக்கென்று ஒரு பக்கம் சாயும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த அதிகாரியின் முகம்கூட இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. நாற்காலிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அவர் மலாயில் "டுடுக், டுடுக்" என்று உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சின்னம்மா மர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருக்கிறார். அன்றைக்கு அதிகாரி சொன்னவுடன் சின்னம்மா உட்கார்ந்திருந்தால் இதை எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

சின்னம்மா என்றால் என் அம்மாவுடன் பிறந்தவர் அல்ல. எங்கள் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் அக்காவும் தங்கையுமாக இருவர் இருந்தார்கள். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. எனக்கும் அப்படித்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் குழம்பிப் போவார்கள். ஏனென்றால் பெரியம்மா குள்ளம், ஒல்லி, தலைமுடி கூட அதிகம் நரைக்கவில்லை. சின்னம்மா நெடுநெடுவென்று வளர்ந்தவர், அகன்ற தோள், முன்னந்தலை முழுக்க வெள்ளை. பார்த்தால் அவர்தான் மூத்தவர் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, பஸ் ஆனாலும் சரி, கோயில் கொட்டகையில் விரித்த பாய் ஆனாலும் சரி, அக்கா உட்காராமல் சின்னம்மா உட்கார மாட்டார். யாரும் அவருக்கு அப்படிச் சட்டம் போட்டதில்லை. பெரியம்மாவே எத்தனையோ தடவை, "உக்காந்து தொலையேன்டி, மரமாட்டம் நிக்கிற" என்று திட்டியிருக்கிறார். திட்டு வாங்கிக்கொண்டு நிற்பார். இது எங்களுக்கெல்லாம் சிரிப்பு. பஸ்ஸில் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தால், அது பெரியம்மா வேண்டாம் என்று சொன்ன பிறகும் கோல சிலாங்கூர் வரைக்கும் காலியாகவே போகும்.

நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பள்ளியிறுதியான எஸ்.பி.எம். வரை படித்து, அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தவள். கிராணி என்றால் கணக்கப்பிள்ளை வேலை. ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். எனக்கு மேலே பெரிய கிராணி, அவருக்கு மேலே தோட்ட மேனேஜரான துரை. வெள்ளைக்காரத் துரையெல்லாம் போய் எவ்வளவோ காலமாகி, எங்கள் துரை நம்மூர்க்காரர்தான். இருந்தாலும் துரை துரைதான். எனக்குக் கிடைத்த வேலைகளில் நான் மிகவும் வெறுத்தது ஒன்று உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை, ஐம்பத்தைந்து வயது முடிகிறவர்களின் பட்டியலை எடுத்து, ஆளுக்கொரு கடிதம் தட்டச்சு செய்ய வேண்டும். 'தங்கள் நீண்ட கால உழைப்புக்கு நன்றி' என்று ஆரம்பிக்கும். மூன்றாவது வரியில் வீட்டைக் காலி செய்யும் தேதி வரும். அந்தக் கடிதத்தைத் தட்டும் நாளில் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

அப்போதெல்லாம் தனியார் வேலையில் இருப்பவரை இன்ன வயது வரைக்கும் வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று சொல்ல ஒரு சட்டமும் கிடையாது. சங்கமும் முதலாளிமாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஐம்பத்தைந்து என்று இருந்தது, அவ்வளவுதான். துரை நினைத்தால் வருடா வருடம் நீட்டித்துக் கொடுக்கலாம். நினைக்காவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவருக்கு மூன்று முறை நீட்டித்தார்கள். அவர் இல்லாவிட்டால் டிராக்டர் ஓடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்களுக்கு ஒருத்திக்குக்கூட நீட்டித்ததாக என் கையால் நான் தட்டியதில்லை. ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வெட்டுமரம் குறையக் குறைய ஆளும் குறைய வேண்டும். ஆளைக் குறைக்க வயதைவிட வசதியான காரணம் வேறு என்ன இருக்கிறது? யாரையும் திட்ட வேண்டாம், யாருடனும் சண்டை போட வேண்டாம். அடையாளக் கார்டைப் பார்த்தால் போதும்.

அந்த வருடம் பெரியம்மா தன் கடிதத்துக்காகக் காத்திருந்தார். தனக்கு ஐம்பத்தைந்து ஆகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கணக்கு ஜப்பான்காரன் கணக்கு. யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்த வருடம் அவர் பெரியவளானார், அப்போது பன்னிரண்டு வயது. அதிலிருந்து விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார். பெரட்டு முடிந்து, அதுதான் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது, எல்லாரும் மரத்துக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்தால் நிற்பார். "பாப்பா, என் கடுதாசி வந்துருச்சா?" என்பார். இல்லை என்றால் முகம் மலர்ந்துவிடும். பெரியம்மாவின் மகன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினான். வீடு அவன் பேரில் இருந்ததால் வீடு போகும் பயம் அவருக்கில்லை. அவருக்குப் பயம் மருமகளோடு நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமே என்பதுதான். "நான் வெளிய போறதாலதான் லா அந்த வீட்டுல சமாதானம் இருக்கு. என்னை உள்ள உக்கார வச்சீங்கன்னா ஒண்ணு அவ இருப்பா, இல்ல நான் இருப்பேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

கடிதம் வந்தது. ஆனால் பேர் சின்னம்மாவின் பேர்.

பட்டியலைப் பார்த்தபோது நான் தவறாக எடுத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் கோப்பைத் திறந்தேன். சின்னம்மாவின் கார்டுப்படி அவருக்கு ஐம்பத்தைந்து. சந்தேகம் வந்து பெரியம்மாவின் கோப்பையும் எடுத்தேன். அவருக்கு ஐம்பத்தொன்று. தங்கை அக்காவைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழித்தேன். பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என்னம்மா, தாளைப் பார்த்துக்கிட்டிருந்தா அதுவா தட்டிக்குமா?" என்றார். தட்டினேன்.

சின்னம்மா விதவை. ஒரே மகன் கோலாலம்பூரில் லோரி ஓட்டிக்கொண்டு, இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தான். தோட்டத்தில் வேலை செய்கிறவர் வீட்டில் ஒருவராவது இருந்தால்தான் வீடு. சின்னம்மா நின்றுவிட்டால் வேலையோடு வீடும் போகும். போய் நிற்க இடமில்லை. மகனுக்கு ஒரு வீட்டுக்கு மனுப் போட்டிருந்தார்கள். அது கிடைக்க இன்னும் சில வருடம் ஆகும் என்றார்கள். அந்தச் சில வருடத்தைத்தான் கார்டு பிடுங்கிக்கொண்டது.

அன்று சாயங்காலமே சின்னம்மா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். "சின்னம்மா, உங்க ஐசி கார்டுல வயசு தப்பா இருக்கு. நீங்க எப்படிப் பெரியம்மாவைவிட மூத்தவங்களா இருக்க முடியும்?" என்றேன். அவர் மடிப்பதை நிறுத்தாமல், "கார்டுல என்ன இருக்கோ அதான் என் வயசு" என்றார். எனக்குப் புரியவில்லை. எடுத்துச் சொன்னால் நான்கு வருடம் கிடைக்குமே என்று வாதாடினேன். அப்போதுதான் துணியைக் கீழே வைத்தார். அவருடைய மகன் சின்ன வயதில் ஒருநாள் இரண்டு கார்டையும் வாசித்துவிட்டு வந்து சொன்னானாம். அன்றிலிருந்து அவருக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. "நான் சின்னவன்னு நிரூபிச்சா, அக்கா பெரியவன்னு நிரூபிச்ச மாதிரிதானே? அப்ப அவளுக்கு இந்த வருசமே சீட்டுக் கிழிச்சுருவாங்கல்ல? அவ கார்டுல இன்னும் நாலு வருசம் இருக்கு பாப்பா. அது இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பிறகு விரலை நீட்டி, "இது அக்கா காதுக்குப் போச்சுன்னா நீ இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடியவள் அல்ல. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, என் சுபாவம் அப்படி. இருந்தாலும் ஒன்பது நாள் அடக்கி வைத்திருந்தேன். சின்னம்மா தன் அக்காவிடம் வேறு கதை சொல்லியிருந்தார். முட்டி வலிக்கிறது, தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டேன், மகனோடு போய் இருக்கப் போகிறேன் என்று. பெரியம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. லயத்துக் குழாயடியில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "நான் போக வேண்டிய வருசத்துல நீ எங்கடி போற? முட்டி வலிக்குதாம். நேத்து அந்தக் குன்றுல ஏறி இறங்கிப் பால் வெட்டினது யாரு, உன் ஆவியா?" என்று கேட்டார். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். வாளி நிறைந்து வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றார். மறுநாள் பெரியம்மாவை ரப்பர் பால் ஸ்டோர் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பெரியம்மா அழுவார் என்று நினைத்தேன். முதலில் சிரித்தார். பிறகுதான் கார்டு எழுதிய கதை எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் என்று அறிவித்து நாடு முழுக்க எல்லாருக்கும் அடையாளக் கார்டு எழுதினார்களே, அந்தச் சமயம். பெரட்டுக் களத்து மரத்தடியில் மேசை போட்டு ஒருத்தர் எழுதிக்கொண்டிருந்தார். வரிசை லயம் வரைக்கும் நீண்டிருந்தது. அவர்களுடைய அப்பா இரண்டு பெண்களையும் நிறுத்தி, "ஒருத்திக்குப் பத்தொம்பது, ஒருத்திக்குப் பதினஞ்சு" என்றார். எழுதுகிறவர் எது யாருக்கு என்று கேட்கவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சின்னம்மா அப்போதே நெட்டை, இடுப்பில் கைக்குழந்தையாக இருந்த தம்பி. பெரியம்மா காய்ச்சலில் கிடந்து எழுந்து நோஞ்சானாக நின்றார். பத்தொன்பது நெட்டைக்குப் போனது, பதினைந்து குட்டைக்குப் போனது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்டை விரலை மையில் தோய்த்து அமுக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அப்ப என் வயசை அவ இத்தினி வருசமா தூக்கிக்கிட்டுத் திரியிறா" என்றார் பெரியம்மா. சிரிப்பு அப்போது நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அந்த லேபர் ஆபீஸ் துவான் என்னைக்கு வருவாரு?" என்று அந்த அதிகாரி வரும் நாளைக் கேட்டார்.

நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். அங்கே போய் உண்மையைச் சொன்னால் சின்னம்மாவுக்கு நல்லது நடக்கலாம், நடக்காமலும் போகலாம், ஆனால் உங்கள் வேலை கண்டிப்பாகப் போகும் என்றேன். "எனக்கு நிக்க மகன் வீடு இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?" என்றார். மருமகள் விஷயத்தை ஞாபகப்படுத்தினேன். கொஞ்சம் யோசித்தார். "அவளும் என்னைச் சகிச்சுக்கட்டுமே, நான் மட்டுமா சகிக்கிறது" என்றார்.

அதிகாரி வரும் நாளில் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டேன். பெரிய கிராணிக்கு என்னைப் பற்றித் தெரியும். "வயித்துவலி எந்தப் பஸ்ஸுல போவுது?" என்று மட்டும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஆபீஸ் ஆளு. துரை கேட்டா நான் ஒண்ணும் பார்க்கல" என்றார். அதுவே பெரிய உதவி. சின்னம்மாவிடம் எங்கே போகிறோம் என்று சொல்லவே இல்லை. பெரியம்மா, "சேலைய மாத்து, கார்ட எடுத்துக்க, வா" என்றார். சின்னம்மா மாற்றிக்கொண்டு வந்தார். அக்கா கூப்பிட்டால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பஸ்ஸில் பெரியம்மா உட்கார்ந்தார், பிறகு சின்னம்மா உட்கார்ந்தார்.

அறைக்குள் முதலில் போனவர் சின்னம்மா. பெரியம்மா வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கார்டுகளையும் வாங்கி மேசைமேல் வைத்தேன். அதிகாரி மலாய்க்காரர், வயதானவர் அல்ல. இரண்டையும் பார்த்துவிட்டு, முடி வெளுத்த சின்னம்மாவிடம் மரியாதையாக மர நாற்காலியைக் காட்டி "டுடுக்" என்றார். சின்னம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். சின்னம்மா சிரித்துத் தலையாட்டினார். இடுப்பு வலியா என்று அதிகாரி என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் சின்னம்மாவே தன்னுடைய சந்தை மலாயில் பதில் சொன்னார்: "கக்கா பெலும் டுடுக், துவான்." அக்கா இன்னும் உட்காரவில்லை, ஐயா.

அதற்குள் பெரியம்மா உள்ளே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி டக்கென்று சாய்ந்தது. அவர் உட்கார்ந்ததும் சின்னம்மாவும் உட்கார்ந்தார். அதிகாரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கார்டுகளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அவர்களைப் பார்த்தார். நான் விஷயத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, சின்னம்மாவிடம் வயது என்ன என்று கேட்டார்.

எதற்காக வந்திருக்கிறோம் என்பது சின்னம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னவென்று சொல்வது, முடிந்திருந்தால் அன்றைக்கு நான் அந்த அறையை விட்டு ஓடியிருப்பேன். அதிகாரியின் பக்கம் திரும்பி, "ஐம்பத்தஞ்சு" என்று அழுத்தமாகச் சொன்னார். கார்டில் இருப்பதுதான் தன் வயது என்றார். அப்படியானால் இவர் உங்களுக்குத் தங்கையா என்று அவர் பெரியம்மாவைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றார் சின்னம்மா. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மெதுவாக, கொஞ்சம்கூடக் கேலி இல்லாமல் கேட்டார்: தங்கை உட்காரவில்லை என்பதற்காக எந்த அக்கா நின்றுகொண்டிருப்பாள்?

சின்னம்மா தன் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்துவிட்டது. "இவ சொல்றது எதையும் நம்பாதீங்க துவான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அக்காவைக் காட்டித் தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்தார். பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் "உக்காருடி" என்றார். உட்கார்ந்தார்.

பெரியம்மா பேசினார். ஜப்பான்காரன் வந்த வருடத்தைச் சொன்னார். குச்சுக்கட்டி உட்கார வைத்த இடத்துக்குத் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்த எட்டு வயதுக் குழந்தை இவள்தான் என்றார். மரத்தடி மேசையைச் சொன்னார், இடுப்பில் இருந்த தம்பியைச் சொன்னார். நான் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். தன்னுடைய தாயாரும் ஜப்பான்காரனை வைத்துத்தான் பிள்ளைகளின் வயதைச் சொல்வார் என்றார் அதிகாரி. கடைசியில் பெரியம்மா இரண்டு கார்டுகளையும் மேசைமேல் இடம் மாற்றி வைத்தார். "இது அவளோடது, இது என்னோடது. அவ்வளவுதான் துவான். வேலைய விட்டு நிக்க வேண்டியவ நான்" என்றார்.

அதிகாரி சட்டத்தை எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். கார்டை மாற்றுவது அவர் கையில் இல்லை. அதற்குப் பதிவு இலாகாவுக்குப் போய், சத்தியப் பிரமாணம் எழுதி, சாட்சி கொண்டுவந்து, மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஐம்பத்தைந்துக்கு மேல் ஒருவரை வைத்துக்கொள் என்று முதலாளிக்குக் கட்டளை போடவும் சட்டத்தில் இடம் இல்லை. இதைச் சொல்லும்போது அவருக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் வயதில் சந்தேகம் இருக்கும்போது ஆளை அனுப்ப வேண்டாம் என்று அவர் எழுதலாம். துரையோடு பேசலாம். பேசினார். நாங்கள் அங்கே இருக்கும்போதே போன் செய்தார். நல்ல மலாயில், நிறைய மரியாதையோடு, நடுநடுவே சிரித்துக்கொண்டு பேசினார். பேசி முடித்து, பெரியம்மா தானாக விலகுவதாக ஒரு கடிதம் கொடுக்கட்டும், சின்னம்மாவுக்குத் துரை வருடா வருடம் நான்கு முறை நீட்டித்துக் கொடுப்பார், இரண்டையும் தான் எழுத்தில் வைத்துக்கொள்வேன் என்றார்.

துரை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. பட்டியலில் ஓர் ஆள் கழிய வேண்டும். எந்த ஆள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பட்டைக்குக் காயம் படாமல் வெட்டுவதில் சின்னம்மா கெட்டிக்காரர் என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வேறு சொல்லியிருக்கிறார். இரண்டு கடிதங்களையும் நான்தான் தட்டினேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சின்னம்மா என்னோடு இருபது நாள் பேசவில்லை. அக்காவோடு ஒரு மாதம். ஆனால் தினமும் விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது, அக்கா வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார். உள்ளேயிருந்து பெரியம்மா, "போடி, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கத்துவார். அதைக் கேட்டுவிட்டு நடப்பார். பெரியம்மாவும் வீட்டில் தங்கவில்லை. மூன்றாவது மாதமே அவருடைய மருமகள் ஆபீசுக்கு வந்து, "அக்கா, எப்படியாச்சும் இவங்களுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்க, புண்ணியமா போவும்" என்று என்னைக் கும்பிட்டாள். அசாம் ஜாவா பக்கம் ஒரு ஜாவாக்காரர் சின்னதாகக் கொக்கோ போட்டிருந்தார். பெரியம்மா அங்கே காய் பறிக்கப் போனார். கார்டு கேட்டார்களா என்று விசாரித்தேன். "கையப் பார்த்தாரு, போதும்னுட்டாரு" என்றார். எழுபது வயதுவரை போய்க்கொண்டிருந்தார்.

சின்னம்மா நான்கு வருடமும் வெட்டினார். நான்காவது வருடக் கடைசியில், நிஜமாகவே ஐம்பத்தைந்து ஆனபோது, மகனுக்கு வீடு கிடைத்தது. கடிதம் கொடுக்க நானே போனேன். கையெழுத்துப் போட அப்போது கற்றுக்கொண்டிருந்தார். போட்டுவிட்டு, "இது என்னோட சொந்த வயசு பாப்பா. இதுக்கு நான் போறேன்" என்றார். சந்தோஷமாகத்தான் போனார்.

பிறகு நானும் தோட்டத்தை விட்டு வெளியேறி, ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்கும் ஐம்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான், தனியார் வேலைக்கும் அறுபது வயது என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னால் யாரும் வயதைக் காட்டி அனுப்ப முடியாது. எனக்கு ஐந்து வருடம் சும்மா கிடைத்தது. யாரும் எனக்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சட்டம் என்றால் அதுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆனால் வேலைக்கு எடுக்கும்போதே முப்பத்தைந்துக்குக் கீழே என்று போடுகிறார்களே, அதைக் கேட்க இன்னும் யாரும் இல்லை. என் மகளுக்கு முப்பத்தாறு. வேலை தேடுவதைப் பற்றி அவள் பேசும்போது எனக்கு அந்தப் பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஞாபகம் வருகிறது.

பெரியம்மா எண்பத்து நான்காவது வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். சின்னம்மா இப்போது மகனோடு புஞ்சாக் ஆலாமில் இருக்கிறார். நானும் அங்கேதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த இடமெல்லாம் மரம், இப்போது கடை, வீடு, பல்கலைக்கழகம். கிளினிக்குக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போவேன். புதுக் கார்டின் எண்ணிலேயே பிறந்த தேதி வந்துவிடுகிறது. கவுண்டரில் இருக்கும் பெண் கணினியைப் பார்த்து, "தொண்ணூத்திரண்டா? பாட்டி எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்காங்க" என்று ஒவ்வொரு முறையும் வியப்பாள். சின்னம்மா மறுப்பதில்லை. அக்காவின் வயதுக்குக் கிடைக்கிற பாராட்டை அக்காவின் சார்பில் வாங்கிக்கொள்வதுபோல் சிரிப்பார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணி வைத்தாகிவிட்டது. "உக்காருங்க சின்னம்மா" என்றேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தச் சின்ன அறையும் இரண்டு நாற்காலிகளும் கண் முன்னால் வந்துவிட்டன. அவரே பேசினார்.

"அக்கா எம்பத்தி நாலுல போயிட்டா பாப்பா. எனக்கு இப்ப எம்பத்தி எட்டு. அன்னைக்கு மரத்தடியில எழுதினான் பாரு, நாலு வயசு மூத்தவன்னு. இப்பத்தான் அது சரியா வந்துருக்கு. இப்ப நான்தான் அவளுக்கு அக்கா."

சொல்லிவிட்டும் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தார். ஒரு நிமிடம் பொறுத்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.